புதிய வேலையும் பழைய ஆர்வமும்

புதிய வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களில், பெயர்களையும் நடைமுறைகளையும் நினைவில் வைப்பதே மனத்தைப் பெரிதும் களைப்படையச் செய்வதால், மாலையில் ஓர் ஓவியத்தையோ, பிடித்த தொடரின் பாத்திரங்களை வைத்து எழுதும் ரசிகர் கதையையோ புதிதாகத் தொடங்குவதைவிட, பாதியில் நிற்கும் ஒன்றைத் தொடர்வதே எளிது. அன்று வரைவதையோ எழுதுவதையோ நிறுத்திவிட்டு எழும் முன், அடுத்து வரைய வேண்டிய முகம் எது, எழுத வேண்டிய உரையாடல் எது என்று ஒரே வரியில் குறித்து வைத்தால், மறுமுறை அமர்ந்தவுடன் கை தானாகவே ஓடும். விருப்பத் தொடரின் புதிய பகுதியை உடனே பார்க்க இயலாத நாட்களில், கதை முன்கூட்டியே தெரிந்துவிடாமலிருக்க, ரசிகர் குழுக்களின் அறிவிப்புகளை முடக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் இதற்கு 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்ற தேர்வுகள் உண்டு. ரசிகர் சந்திப்பின் தேதி முன்பே தெரிந்திருந்தால், பணியில் சேரும்போதே அந்த விடுப்பைக் கேட்டுவிடுவது, பின்னர் தயங்கித் தயங்கிக் கேட்பதைவிட மிகவும் நல்லது.