பனிமூட்டப் படத்தைத் தெளிவாக்குவோம்: காகிதக் கணக்கிலிருந்து எஃப்பிஜிஏ சிப் வரை

வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் மழைக்காலத்துப் பனிமூட்டம் இறங்கிவிட்டால், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரியும். கொண்டை ஊசி வளைவின் தடுப்புச்சுவர் எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குப் பிடிபடாது. அப்படி ஒரு வளைவின் படத்தை வைத்துக்கொண்டு, டிஜிட்டல் படச் செயலாக்கத்தின் அடிப்படைகளை முதலில் கம்ப்யூட்டரிலும், அப்புறம் உள்ளிருக்கும் சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பிலும் செய்து பார்ப்போம்.

ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இந்தக் கணக்கை முடிக்க படத்தின் எத்தனை புள்ளிகளை (பிக்சல்களை) நினைவில் வைத்திருக்க வேண்டும்? ஹார்டுவேர் வடிவமைப்பில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான்.

படி 1: படத்தை எண்களாகப் பாருங்கள்

போனில் எடுத்த படத்தை 640 × 480 அளவுக்குச் சுருக்குங்கள். மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பைத்தான் நிரல்மொழியில் ஓபன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தால் படத்தைத் திறந்து, ஒரு மூலையின் எண்களை அச்சிட்டுப் பாருங்கள். கோடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தின் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களை டிஜிட்டலாக மாற்றியபோது நடந்ததும் இதேதான். தொடர்ச்சியான ஒளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுப்பது.

படி 2: நிறத்தை விட்டுவிடுங்கள்

பனியில் நிறத்தால் அதிகப் பயனில்லை, வெளிச்சம் போதும். நம் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால் வழக்கமான சூத்திரம் இது: 0.299 × சிவப்பு + 0.587 × பச்சை + 0.114 × நீலம்.

சிப்பில் தசமக் கணக்கு செலவு பிடிக்கும். அதனால் 77, 150, 29 என்ற முழு எண்களால் பெருக்கிக் கூட்டி, 256-ஆல் வகுக்கிறோம். மூன்றையும் கூட்டினால் சரியாக 256 வரும். 256-ஆல் வகுப்பது என்றால் கடைசி 8 பிட்டுகளை, அதாவது இரும எண்ணின் கடைசி 8 இலக்கங்களை, தள்ளிவிடுவதுதான், அதற்குத் தனிச் சுற்று வேண்டாம். சிவப்பு 150, பச்சை 170, நீலம் 160 உள்ள ஒரு மரப்புள்ளிக்குக் கூட்டுத்தொகை 41,690. விடை 162.

இங்கே நினைவில் வைக்க ஒரே ஒரு புள்ளி போதும்.

படி 3: பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துப் பாருங்கள்

தடுப்புச்சுவரின் விளிம்பில் ஒரு 3 × 3 கட்டம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

142 144 178
141 145 180
143 146 181

கேமராவின் இரைச்சலை, அதாவது புள்ளிகளின் எண்களில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தை, குறைக்க மூலைகளை 1-ஆலும், நடுப்புள்ளியை 4-ஆலும், மற்றவற்றை 2-ஆலும் பெருக்கிக் கூட்டி 16-ஆல் வகுக்க வேண்டும். 644 + 580 + 1222 = 2446. வகுத்தால் 152.

விளிம்பைக் கண்டுபிடிக்க சோபல் முறை. வலது நெடுவரிசையை 1, 2, 1 எடையோடு கூட்டினால் 719, இடது நெடுவரிசை 567, வித்தியாசம் 152. கீழ் வரிசை 616, மேல் வரிசை 608, வித்தியாசம் 8. இரண்டையும் கூட்டினால் 160. விளிம்பில்லாத சமமான பரப்பில் இது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், ஆகவே இங்கே சுவர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். ஓபன்சிவியில் ஒரே வரியில் முடிந்துவிடும் என்றாலும், சிப்பில் அந்த வரியை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள்.

படி 4: வெளிச்சத்தை நீட்டுங்கள்

எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரைவதுதான் ஹிஸ்டோகிராம். பனிப்படத்தில் அது ஒரு குறுகிய கும்பலாக, உதாரணத்துக்கு 140-க்கும் 210-க்கும் நடுவில் நிற்கும். தூரத்துப் பொருளின் ஒளி கண்ணுக்கு வருமுன் பனித்துளிகளில் சிதறிக் குறைகிறது, பனியே சிதறடிக்கும் வெள்ளை ஒளியும் மேலே வந்து சேர்கிறது. கறுப்பு வெளுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கும்பலை 0 முதல் 255 வரை நீட்டுவோம். புள்ளியிலிருந்து 140-ஐக் கழித்து, 933-ஆல் (255 × 256 ÷ 70) பெருக்கி, 8 பிட்டுகளைத் தள்ளுங்கள். 175 என்பது 127 ஆகும், 210 என்பது 255 ஆகும். ஒன்றைக் கவனியுங்கள்: புள்ளி 130 என்றால், 8 பிட் எண்ணில் 130 − 140 என்பது பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் மேலிருந்து சுற்றி வந்து 246 ஆகிவிடும். இருட்டுப் புள்ளி வெள்ளையாக மின்னும். கழிக்கும் முன் அகலமான எண்ணாக மாற்றி, கடைசியில் 0-க்கும் 255-க்கும் வெளியே போவதை வெட்டுங்கள்.

140, 210 ஆகிய எல்லைகளை எப்படி எடுப்பது? மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எடுத்தால் ஒரு பஸ்ஸின் ஹெட்லைட்டே கணக்கைக் கெடுத்துவிடும். இரு முனையிலும் ஒரு சதவீதம், அதாவது 3,072 புள்ளிகளை ஒதுக்கிவிட்டு எல்லை எடுங்கள். அருகில் பனி குறைவு, தூரத்தில் அதிகம் என்பதால் முழுப் படத்துக்கும் ஒரே எல்லை போதாதுதான். ஆனால் கற்றுக்கொள்ள இது சரியான இடம்.

படி 5: சிப்பில் கட்டுங்கள்

கேமராவிலிருந்து புள்ளிகள் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, சிப்பின் வேலையை ஒழுங்குபடுத்தும் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் வரும். ஓவி7670 போன்ற மலிவான கேமரா பலகை வெளிச்ச மதிப்பைத் தனியாகவே கொடுக்கும் என்பதால், படி 2-ஐத் தாண்டிவிடலாம்.

படி 3-க்கு மூன்று வரிசைகள் வேண்டும். முழுப் படத்தையும் சேமிக்கத் தேவையில்லை. 640 பைட் கொள்ளும் இரண்டு வரிசை பஃபர்களும் (ஒரு வரிசையைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) 9 பதிவேடுகளும் (ஒரு எண்ணை மட்டும் வைக்கும் சின்ன இடம்) போதும். புதிய புள்ளி வந்ததும், அதே நெடுவரிசையில் முதல் பஃபரில் இருந்தது இரண்டாவது பஃபருக்குப் போகும், அதன் இடத்தில் புதியது உட்காரும். புதிய புள்ளி, முதல் பஃபரில் இருந்தது, இரண்டாவதில் இருந்தது ஆகிய மூன்றும் பதிவேடுகளின் வலப்பக்கமாக நுழைய, மற்றவை இடப்பக்கம் ஒரு கட்டம் நகரும். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு முழு 3 × 3 கட்டம் தயார். விடை வரத் தாமதம் ஒரு வரிசையும் சில துடிப்புகளும்தான். படத்தின் ஓரப் புள்ளிகளுக்குப் பக்கத்துப் புள்ளி கிடையாது, தொடக்கத்தில் அவற்றுக்குப் பூஜ்யம் போட்டுவிடுங்கள்.

படி 4-தான் சிக்கலானது. எல்லை தெரிய முழுப் படமும் வந்து முடிய வேண்டும். ஆனால் நொடிக்கு 30 படங்கள் வரும்போது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பனி மாறிவிடாது. ஆகவே போன படத்தின் எல்லையை இந்தப் படத்துக்குப் பயன்படுத்துங்கள். எல்லை தேடுவதையும் பெருக்கும் எண்ணைக் கணக்கிடுவதையும் இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் முடித்துக்கொள்ளலாம்.

ஹிஸ்டோகிராமுக்கு 256 எண்ணிகள், ஒவ்வொன்றும் 19 பிட் அகலம். 18 பிட்டில் 2,62,143 வரைதான் எண்ண முடியும். இவற்றை சிப்பின் உள் நினைவகத்தில் வைத்தால், படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுத ஒரு துடிப்புக்கு மேல் ஆகும். அதற்குள் அதே மதிப்பில் அடுத்த புள்ளி வந்தால் பழைய எண்ணிக்கையையே படித்துவிடும், ஒரு எண்ணிக்கை தொலையும். பனிப்படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே மதிப்பில் வருவதுதான் வழக்கம், ஆகவே பிழை மோசமாகவே தெரியும். வரும் மதிப்பு, இன்னும் எழுதி முடியாத ஒன்றோடு ஒத்துப்போனால், நினைவகத்தைப் படிக்காமல் கையிலிருக்கும் புதிய எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளும்படி ஒரு ஒப்பீட்டுச் சுற்று சேருங்கள்.

படி 6: எஃப்பிஜிஏ பலகையில் ஏற்றும் முன் ஒப்பிடுங்கள்

சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் இந்த வடிவமைப்பை எழுதி, அதை ஐகாரஸ் வெரிலாக் என்ற இலவச மென்பொருளில் ஓட்டுங்கள். பைத்தான் நிரலையும் இதே முழு எண் கணக்கில் எழுதி, இரண்டின் வெளியீட்டையும் புள்ளிக்குப் புள்ளி கழித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும். சின்ன வித்தியாசம்தானே என்று விடாதீர்கள். முழுப் படமும் ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் வரிசை பஃபரின் முகவரியைப் பாருங்கள். இருட்டான இடங்களில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் படி 4-ல் சொன்ன கழித்தலைப் பாருங்கள். 256 எண்ணிகளின் கூட்டுத்தொகை 3,07,200-க்குக் குறைந்தால், அந்த ஒப்பீட்டுச் சுற்று வேலை செய்யவில்லை.