சந்தனம் சந்தனமாகவே தெரிய: ப்ரீசெட்டை எப்படிச் செய்வது, எங்கே நிறுத்துவது

அழகர்கோவிலில் நண்பர் வீட்டுக் காதுகுத்து. விடிந்ததும் மரத்தடியில் மொட்டை, வெயில் ஏறியதும் பதினெட்டாம்படி கருப்பர் முன்னால் கும்பிடு, தாய்மாமன் மடியில் காதுகுத்து, மதியம் மண்டபத்தில் விருந்து. மொத்தம் 1,180 படங்கள். காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரு ப்ரீசெட்டை (திருத்த அளவுகளை மொத்தமாகச் சேமித்து வைத்து, ஒரே சொடுக்கில் படத்தில் போடுவது) அத்தனைக்கும் மொத்தமாகப் போட்டு, அன்று இரவே லேப்டாப்பில் காட்டினேன்.

பிள்ளையின் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். "என்னய்யா, தலையில சந்தனம்ல பூசுனோம்? திருநீறு அள்ளி அப்புன மாதிரி இருக்கு!"

அவர் சொன்னது முழுக்கச் சரி. மொட்டைத் தலையில் சந்தனம் சாம்பலாக வெளுத்திருந்தது. பிள்ளையின் மாநிறம் செத்துப்போயிருந்தது. மண்டபத்தில் மஞ்சள் விளக்கில் எடுத்த படங்கள் எல்லாம் ஆரஞ்சுச் சாறு ஊற்றியது போல இருந்தன. மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அந்த மூன்று ராத்திரியில் பிடிபட்டதுதான் இங்கே எழுதியிருக்கும் வரிசை. இப்போது அதே அளவு வேலையை ஒரு மாலையில் முடிக்கிறேன்.

நான் பயன்படுத்துவது கம்ப்யூட்டரில் போடும் லைட்ரூம் கிளாசிக் என்ற படம் திருத்தும் மென்பொருள். மாதச் சந்தா கட்ட வேண்டாம் என்றால் டார்க்டேபிள் எடுங்கள். இலவசம், நல்ல மென்பொருள், பழகத்தான் ஒரு வாரம் பிடிக்கும். ஆயிரம் படம் உள்ள விசேஷ வேலைக்கு மொபைல் ஆப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். படங்கள் ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைப்பது) எடுத்தவை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் காப்பி, பிறகு கழிப்பு

கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் காப்பி போடுங்கள். ஒன்று லேப்டாப், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க். படங்களை வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். லைட்ரூமின் கேட்டலாகில் உங்கள் எடிட்டிங் மட்டும்தான் இருக்கும், படம் இருக்காது. கேட்டலாக் பேக்கப் எடுத்துவிட்டேன் என்று நினைத்துப் படத்தை அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கழிப்புக்குக் கேப்ஸ் லாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பி அழுத்தினால் தேர்வு, எக்ஸ் அழுத்தினால் தள்ளுபடி, அழுத்தியதும் அடுத்த படம் தானாக வரும். கண் மூடியது, ஆடியது, ஒரே மாதிரி ஆறு இருப்பதில் ஐந்து எல்லாம் போகட்டும். 1,180 எனக்கு 340 ஆனது. இந்த இடத்தில் ஒரு படத்தைக்கூடத் திருத்த உட்காராதீர்கள்.

லேப்டாப் திணறினால் இம்போர்ட் செய்யும்போதே ஸ்மார்ட் ப்ரிவியூ உருவாக்கச் சொல்லுங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சின்னப் பிரதி அது. ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போய், எடிட்டிங்குக்கு அதையே பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டால், 8 ஜிபி ரேம் உள்ள என் பழைய லேப்டாப்பே ஓடுகிறது.

வெளிச்சம் வாரியாகக் கட்டு கட்டுங்கள்

ப்ரீசெட்டைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். அந்தக் காதுகுத்தில் மூன்று வெளிச்சம் இருந்தது. மரத்தடியில் இலை வழியே இறங்கிய பச்சை கலந்த நிழல், கருப்பர் முன்னால் நேர் வெயில், மண்டபத்தில் மஞ்சள் விளக்கு. இவை மூன்றும் ஒரே மருந்தைக் கேட்கும் நோய் அல்ல.

கீபோர்டில் 6 சிவப்பு, 7 மஞ்சள், 8 பச்சை, 9 நீலம் என்று கலர் லேபிள் விழும். மரத்தடிக்குப் பச்சை, வெயிலுக்குச் சிவப்பு, மண்டபத்துக்கு மஞ்சள் என்று வைத்தேன். நேர வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் தொடர்ச்சியாகவே இருக்கும், அதனால் பத்து நிமிட வேலைதான்.

கண் பழக வேண்டுமானால் திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு காலை போய் வாருங்கள். நண்பரை முற்றத்து வெயிலில் நிறுத்தி ஒரு படம், பத்தடி உள்ளே தூண் நிழலில் நிறுத்தி ஒரு படம், கேமராவில் வொயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தில் எது வெள்ளை என்று சொல்லும் அமைப்பு) வெயிலுக்கான டேலைட்டிலேயே வைத்து எடுங்கள். ஒரே ஆள், ஒரே சட்டை, ஒரே நிமிடம். இரண்டாவது படத்தில் முகம் நீலம் பாய்ந்திருக்கும்.

வொயிட் பேலன்ஸ்: வேட்டியையும் மல்லிகையையும் நம்பாதீர்கள்

நான் விழுந்து எழுந்த குழி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டிலும் ஒரு படத்தை எடுத்து, ஐட்ராப்பரால் (நிறத்தை அளக்கச் சொடுக்கும் கருவி) வெள்ளையான இடத்தில் சொடுக்கினால் நிறம் சரியாகிவிடும் என்பார்கள். நம் ஊர் விசேஷத்தில் வெள்ளை என்றால் கண்ணில் படுவது இரண்டு: வேட்டி, மல்லிகைப்பூ. இரண்டுமே ஏமாற்றும். வேட்டியை நீலம் போட்டு அலசியிருப்பார்கள், கடைச் சோப்புத் தூளிலும் வெளுப்பாகக் காட்டும் பொருள் இருக்கும். அதனால் வேட்டி லேசான நீல வெள்ளை. அதைச் சரியான வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால், அந்த நீலத்தைக் கொல்ல மொத்தப் படத்திலும் மஞ்சளை ஏற்றிவிடும். மல்லிகை இதற்கு நேர் எதிர். மொட்டில் ஒரு வெண்ணெய் நிறம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொடுக்கினால் படம் குளிர்ந்து நீலமாகும். நான் ஒரு படத்தில் வேட்டியையும் அடுத்ததில் பூவையும் சொடுக்கிவிட்டு, ஒரே குடும்பம் ஏன் இரண்டு நிறத்தில் நிற்கிறது என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

தீர்வு ஒரு கிரே கார்டு, எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை. வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதை யார் கையிலாவது கொடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். ஐட்ராப்பரை அந்த அட்டையில் சொடுக்குங்கள், தீர்ந்தது. அட்டை மறந்துவிட்டால், பூசாத சிமென்ட் தரை, எவர்சில்வர் அல்லாத சாம்பல் நிறப் பொருள் எதையாவது தேடுங்கள். எவர்சில்வர் பக்கத்தில் உள்ள நிறத்தை எல்லாம் வாங்கிக் காட்டும், ஆகாது. வெயிலில் வெளிறி விவரம் எரிந்துபோன வெள்ளையும் ஆகாது, அங்கே அளக்க எதுவும் மிச்சம் இல்லை.

மரத்தடிப் படங்களில் டெம்ப் ஸ்லைடரை மட்டும் இழுத்து முகத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது நீலம், மஞ்சள் இரண்டுக்கும் நடுவில் ஓடுவது. இலைப் பச்சையை எடுக்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள டின்ட், மெஜந்தா பக்கம். நான் +12லிருந்து +20 வரை போக வேண்டியிருந்தது. மலிவான எல்இடி விளக்கிலும் இதே பச்சை வரும்.

எக்ஸ்போஷர், சிங்க்

மாதிரிப் படத்தில் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) சரிசெய்துவிட்டு, அந்தக் கட்டு முழுவதையும் தேர்ந்தெடுத்து சிங்க் கொடுங்கள், மாதிரிப் படத்தின் திருத்தம் மற்றவற்றுக்கும் போகும். அதில் வொயிட் பேலன்ஸுக்கு மட்டும் டிக் இருக்கட்டும். எக்ஸ்போஷருக்கு செட்டிங்ஸ் மெனுவில் மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கணக்குப் பார்த்து, படத்துக்குப் படம் இருக்கும் வித்தியாசத்தை அதுவே ஈடுகட்டும். ஒரே வெளிச்சத்தில் எடுத்த கட்டுக்குத்தான் இது வேலை செய்யும், அதனால்தான் முன்பே பிரிக்கச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. சிங்க் பட்டனுக்குப் பக்கத்தில் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு, அதை மேலே தள்ளினால் ஆட்டோ சிங்க். அது ஆன் ஆகியிருக்கும்போது ஒரு படத்தை கிராப் செய்தால், தேர்ந்தெடுத்த அத்தனை படமும் கிராப் ஆகும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட்டு கன்ட்ரோல் டி அழுத்தித் தேர்வை நீக்குங்கள்.

இப்போதுதான் ப்ரீசெட்

வெளிச்சம் சரியாகிவிட்டது. இனிமேல் உள்ளது உங்கள் ருசி மட்டும். ப்ரீசெட்டுக்குள் போக வேண்டியதும் அதுதான். நான் வாங்கிய ப்ரீசெட்டை நோட்பேடில் திறந்து பார்த்தபோது இது எனக்கு வெட்டவெளிச்சமானது. 2018க்குப் பிறகு லைட்ரூம் ப்ரீசெட்டுகள் எக்ஸ்எம்பி ஃபைலாக இருக்கின்றன, வெறும் எழுத்து ஃபைல்தான். ப்ரீசெட் பெயரில் ரைட் கிளிக் செய்தால் ஃபோல்டரைக் காட்டும், அதை நோட்பேடில் திறக்கலாம். உள்ளே டெம்பரேச்சர் 5500 என்று ஒரு வரி. யாரோ எங்கோ வெயிலில் எடுத்த படத்தின் அளவு அது, நம் மண்டபத்து மஞ்சள் விளக்கில் வந்து உட்கார்ந்தால் ஆரஞ்சு ஆகாமல் என்ன செய்யும்? கொஞ்சம் கீழே மஞ்சளின் சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) மைனஸ் 45. சந்தனம் போன இடம் அதுதான்.

கடையில் கிடைக்கும் பல ப்ரீசெட்டுகள் வெளிறிய தோலுக்காகச் செய்தவை. ஆரஞ்சின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சம்) தூக்கி, சாச்சுரேஷனை இறக்கி வைத்திருப்பார்கள். நம் தோலின் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சு ஸ்லைடரில்தான் இருக்கிறது. அதைத் தூக்கினால் கறுத்த முகமும் மாநிற முகமும் சாம்பல் பூத்துவிடும். மஞ்சளை இறக்கினால் சந்தனம், மஞ்சள் பூசிய முகம், தாலிக்கொடி, செவ்வந்தி மாலை எல்லாம் போகும். பச்சையை நீலப் பக்கம் திருப்பினால் வாழை மரமும் துளசி மாலையும் பிளாஸ்டிக் ஆகும். எங்கள் வீட்டு விசேஷத்தின் உயிரே இந்த மூன்று நிறத்தில்தான் இருக்கிறது, அதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் ப்ரீசெட்டில் உள்ளவை: ஹைலைட்ஸ் மைனஸ் 35, ஷேடோஸ் +20, பிளாக்ஸ் மைனஸ் 6, வைப்ரன்ஸ் +8, பச்சையின் சாச்சுரேஷன் மைனஸ் 10, லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தம். ஆரஞ்சையும் மஞ்சளையும் தொடவில்லை. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேமராவுக்குக் கொஞ்சம் மாறும்.

சேமிக்கும்போது டெவலப் பக்கத்தில் ப்ரீசெட்ஸ் பக்கத்து பிளஸ் குறியை அழுத்தி க்ரியேட் ப்ரீசெட் கொடுத்தால் நீண்ட டிக் பட்டியல் வரும். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் தொட்ட பகுதிகளுக்கு மட்டும் டிக் போடுங்கள். வொயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்துவது) எதற்கும் டிக் கூடாது. நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம், படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளைக் குறைக்கும் அது ஐஎஸ்ஓவைப் பொறுத்து மாறுவது. அதே பெட்டியில் அமவுன்ட் ஸ்லைடருக்கான டிக்கையும் போட்டுவையுங்கள். ப்ரீசெட்டைப் போட்ட பிறகு நூறிலிருந்து அறுபது, எழுபதுக்கு இறக்கிக்கொள்ளும் வசதி அது, 2022இல் வந்தது. நான் மண்டபத்துப் படங்களுக்கு எழுபதில் வைத்தேன்.

வாங்கிய ப்ரீசெட் ஏதாவது பிடித்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம். ஒரு படத்தில் போட்டு, மஞ்சள், ஆரஞ்சு ஸ்லைடர்களைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மேலே சொன்ன டிக் கணக்கோடு புதுப் பெயரில் சேமியுங்கள்.

வெளியே எடுப்பது

நிற வகை எஸ்ஆர்ஜிபி, ஃபைல் ஜேபெக், குவாலிட்டி 90. ஆல்பம் அடிப்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 12க்கு 36 அங்குலத் தாள், 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 10,800க்கு 3,600 பிக்சல் வேண்டும், அதனால் ஆல்பத்துக்குப் போகும் படத்தைச் சிறிதாக்கி அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

பின்சேர்க்கை 1

சொன்னபடி எல்லாம் செய்தும் படம் நீலமாக வருகிறது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். இரவில் மட்டும்தானா என்று கேட்டேன், ஆமாம் என்றார். விண்டோஸில் நைட் லைட் மாலையானதும் தானாகத் திரையை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்து அவர் நீலத்தை ஏற்றியிருக்கிறார். எடிட் செய்யும்போது நைட் லைட்டை அணையுங்கள், திரை வெளிச்சத்தையும் ஒரே அளவில் வையுங்கள்.

பின்சேர்க்கை 2

மொபைலில் எடுத்த ஜேபெக் படத்துக்கு ப்ரீசெட் சரியாக வரவில்லை என்று இரண்டு பேர். ரா ஃபைலில் டெம்ப் கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு) கணக்கில் இருக்கும், ஜேபெக்கில் அது மைனஸ் 100 முதல் +100 வரை ஓடும் வேறு கணக்கு. அடோபி கலர் போன்ற ப்ரொஃபைலும் (படத்தின் அடிப்படை நிறத் தோற்றம்) ஜேபெக்குக்குக் கிடையாது. ஜேபெக்குக்கென்று தனி ப்ரீசெட் ஒன்று, ப்ரொஃபைலுக்கு டிக் இல்லாமல் செய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3

டார்க்டேபிளில் இந்த மாதிரி ப்ரீசெட்டுக்கு ஸ்டைல் என்று பெயர். உருவாக்கும்போது எந்த மாட்யூல்கள் (திருத்தக் கருவிகள்) உள்ளே போக வேண்டும் என்று கேட்கும். அங்கே வொயிட் பேலன்ஸ், கலர் காலிபரேஷன் இரண்டையும் எடுத்துவிடுங்கள், நிறத்தைத் திருத்துவது இரண்டும் சேர்ந்துதான், ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது. எக்ஸ்போஷரையும் கிராப்பையும் எடுங்கள். ஸ்டைலைப் போடும்போது அப்பெண்ட் என்பதில் வைத்திருங்கள். ஓவர்ரைட் என்று இருந்தால் நீங்கள் கட்டுக் கட்டாகச் சரிசெய்து வைத்த வொயிட் பேலன்ஸ் எல்லாம் அழிந்துவிடும்.