பறக்கும் இறக்கை விமானங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலும் தனி உடலும் இல்லாமல் இறக்கை மட்டுமே விமானமாக இருப்பதுதான் பறக்கும் இறக்கை. அதைப் பற்றிப் பலரும் செய்யும் தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். வாலையும் உடலையும் எடுத்துவிட்டால் எடை குறையும், காற்றின் இழுவை குறையும், அவ்வளவுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். குறைவது உண்மைதான். ஆனால் மூக்கு மேலும் கீழும், இடமும் வலமும் ஆடாமல் வால் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இனி யார் பார்ப்பது? அது முழுக்க இறக்கையின் தலையில் விழுகிறது. இந்த வடிவத்தின் நூறாண்டு வரலாறே அந்தச் சுமையைச் சமாளித்த கதைதான்.

ஒரு தாளை எடுத்து முன்விளிம்பை நான்கைந்து முறை மடித்துக் கனமாக்கி, நடுவில் லேசாக ஒரு மடிப்பு கொடுத்துப் பறக்க விடுங்கள். மூக்கைக் குத்திக்கொண்டு விழும். பின்விளிம்பை ஒரு நூலளவு மேலே வளைத்து மறுபடி விடுங்கள், இப்போது மிதக்கும். முன்பக்க மடிப்பில் இரண்டைப் பிரித்துவிட்டால் மூக்கைத் தூக்கிப் புரளும். ஈர்ப்பு மையம் அங்கே இங்கே நகர எவ்வளவு குறைவான இடம் இருக்கிறது என்பது கையிலேயே தெரிந்துவிடும். மாதிரி விமானம் செய்கிறவர்கள் முதல் நாளே உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்த தவறு, கணினி இல்லாமல் இவை பறக்கவே முடியாது என்பது. 1910 டிசம்பரில் இங்கிலாந்தில் டன் என்ற பொறியாளர் தன் வாலில்லாத இருதள விமானத்தில், கைப்பிடிகளை விட்டுவிட்டுக் காகிதத்தில் குறிப்பு எழுதியபடி பறந்து காட்டினார். பார்த்துச் சாட்சி சொன்னவர்களில் ஆர்வில் ரைட்டும் ஒருவர். இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, நுனிகளைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் நுனியே வாலின் வேலையைச் செய்யும் என்பதுதான் சூட்சுமம். ஜெர்மனியின் ஹார்ட்டன் சகோதரர்கள் 1933 முதல் பறக்கவிட்ட கிளைடர்களிலும் கணினி ஏது? அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் செய்த என்-1எம் என்ற பறக்கும் இறக்கை 1940-இல் பறந்ததும் அப்படித்தான். அதற்காகக் கணினி தேவையே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. அது எங்கே தேவைப்பட்டது என்பதை அதே நிறுவனத்தின் ஒய்பி-49 என்ற ஜெட் குண்டுவீச்சு விமானம் காட்டுகிறது.

அதற்கு முன்னோடியாக 1946-இல் பறந்த எக்ஸ்பி-35 உந்துசுழலிகளோடு இருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சுழலிகளே ஓரளவு நிலைநிறுத்தும் துடுப்புகளாகவும் உதவின. 1947-இல் அதையே ஜெட்டாக, அதாவது ஒய்பி-49 ஆக, மாற்றியபோது சுழலிகள் போய்விட்டதால், நான்கு சிறு செங்குத்துத் துடுப்புகளைச் சேர்க்க வேண்டிவந்தது. அப்படியும் மூக்கு இடவலமாக ஆடிக்கொண்டே இருந்தது. குண்டு வீசக் குறிபார்க்கும் விமானத்துக்கு இது பெரிய குறை. ஜெட் என்ஜின்கள் எரிபொருளைக் குடித்ததில் போகும் தூரமும் வெகுவாகக் குறைந்தது. 1948 ஜூன் 5 அன்று ஒரு ஒய்பி-49 நொறுங்கி, கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

கடைசியில் கைவிடப்பட்ட ஒய்பி-49 திட்டத்தை, இதையெல்லாம் தாண்டிவிட்டு "அரசியல்தான் கொன்றது" என்று ஒரே வரியில் முடிப்பது அந்தப் பொறியாளர்களுக்கே அநியாயம் என்று நினைக்கிறேன். தன் நிறுவனத்தை இன்னொரு நிறுவனத்தோடு இணைக்கச் சொல்லி நெருக்கினார்கள் என்று அதை நடத்திய ஜாக் நார்த்ராப் பின்னாளில் சொன்னார், சரி, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் ஆட்டத்தையும் தூரத்தையும் மறைத்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

அப்புறம் அந்தப் பிரபலமான வாதம்: ரேடாருக்குச் சிக்காத அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-2 என்பது ஹிட்லர் காலத்தில் ஹார்ட்டன் சகோதரர்கள் செய்த ஜெட்டின் நகல். ஹார்ட்டன் ஜெட் 1945 பிப்ரவரியில் சில தடவை பறந்து, அதே மாதம் 18-ஆம் தேதி விழுந்து விமானி எர்வின் சில்லரைப் பலிகொண்டது. அதற்கு நாலரை வருடம் முன்பே கலிஃபோர்னியாவில் என்-1எம் பறந்தாகிவிட்டது. ரேடாரை ஏமாற்றவே அந்த விமானத்தில் கரித்தூள் சேர்க்கத் திட்டமிட்டோம் என்று சகோதரர்களில் ஒருவரான ரைமர் ஹார்ட்டன் சொன்னதும் போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அதைப் போர்க்கால ஆவணம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

1989-இல் பறந்த பி-2-க்கும் ஒய்பி-49-க்கும் இறக்கை நீளம் ஒன்றே, 52.4 மீட்டர். அதனால் இரண்டும் ஒரே யோசனை என்று தோன்றும். ஆனால் அன்று வாலை எடுத்தது இழுவையைக் குறைக்க. பி-2-வில் ரேடார் அலையைத் திருப்பி அனுப்ப நிமிர்ந்து நிற்கும் எதுவும் இருக்கக் கூடாது என்பதே முதல் காரணம். சிறு துடுப்பைக்கூட வைக்க முடியாத அந்த நிலையில்தான் கணினி கட்டாயமானது. இறக்கை நுனியில் மேலும் கீழும் பிளந்து விரியும் தகடுகளைக் கணினி ஓயாமல் அசைத்து மூக்கை நேராக வைக்கிறது.

கடைசியாக, பயணிகள் விமானம் இந்த வடிவில் வராததற்கு நிறுவனங்களின் பயம்தான் காரணம் என்பது. பயணிகள் அறைக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்க உருளை வடிவ உடல்தான் எளிது, அகன்ற தட்டையான அறைக்குக் கூடுதல் பலமும் எடையும் வேண்டும். அதைவிட, நடுக்கோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். விமானம் 30 டிகிரி சாய்ந்தால் அவர் இருக்கையோடு 4 மீட்டர் ஏறுவார் அல்லது இறங்குவார். உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த எக்ஸ்-48பி என்ற ஆளில்லா மாதிரி 2007-இல் நன்றாகவே பறந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.