அக்காவின் வாக்கர் பின்னேரத்தில் மட்டும் இடப்பக்கம் இழுத்தது: என் அனுபவம்

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.: மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய். வெள்ளவத்தையில் இருக்கிறோம். வீட்டுக்குள் அவர் நடப்பது பிரேக் வைத்த நாலு சில்லு வாக்கரில். காலையில் நேராகப் போகும். வெயில் ஏறினால் இடப்பக்கம் இழுக்கும். கதவு நிலையில்கூட மோதியிருக்கிறார்.

முன் சில்லுகளைக் கழற்றி, அச்சில் சுற்றியிருந்த தலைமயிரை எடுத்தேன். பலனில்லை. கைப்பிடி உயரத்தைப் பார்த்தேன்: கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம், இரண்டு பக்கமும் ஒன்றுதான். வாங்கிய கடையில் வெறும் வாக்கரைத் தள்ளிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். நான் தள்ளினாலும் நேராகத்தான் ஓடியது.

விடை வெள்ளை டைல்ஸில் கிடந்தது. இடது பின் சில்லு போன வழியில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு. அந்தச் சில்லில் பிரேக் லேசாகப் பிடித்து, அது உரசிக்கொண்டு போயிருக்கிறது. உடனே அக்காவின் கையைக் கவனித்தேன். எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பு சூடேறினால் நரம்பு வழி போகும் செய்தி இன்னும் மந்தமாகும். அவருடைய இடது விரல்கள் இறுகி, பிரேக் பிடியை லேசாக அழுத்திக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியவில்லை.

இடப்பக்க பிரேக் கேபிளின் நட்டை இளக்கி, கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகாணியைக் கொஞ்சம் உள்ளே திருப்பினேன். இப்போது பிடியை நன்றாக இழுத்தால்தான் பிரேக் பிடிக்கும். பின்னேரமும் நேராக ஓடுகிறது, பெரிய நிம்மதி. அப்புறம் ஒன்று: பிடியைக் கீழே தள்ளிப் பூட்டினால் சில்லு அசையாமல் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் இருக்கையில் உட்காரும்போது வாக்கர் நழுவும். விரல் இறுக்கத்தை பிசியோதெரபிஸ்ட்டிடமும் சொல்லியிருக்கிறோம்.