பரீட்சைக்காகப் பாடம் நடத்தும்போது சறுக்கும் இடங்கள்

6, 8, 10 சென்டிமீட்டர் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம். அதன் பரப்பளவு 24 சதுர சென்டிமீட்டர் என்று என் எட்டாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அதே முக்கோணத்தை 10 சென்டிமீட்டர் பக்கம் கீழே வரும்படி திருப்பி வரைந்தேன். பாதி வகுப்பு 40 என்று எழுதியது. கீழே கிடக்கிற 10 அடிப்பக்கம், ஒட்டி நிற்கிற 8 உயரம், பெருக்கிப் பாதியாக்கு, முடிந்தது. "சார், இப்படியெல்லாம் பரீட்சையில வராது" என்றான் ஒருவன். அவன் சொன்னதும் சரிதான். நாங்கள் போட்டுப் பார்த்த பழைய வினாத்தாள் எதிலும் முக்கோணம் இப்படிப் புரண்டு கிடக்கவில்லை.

தவறு பையன்கள் மேல் இல்லை. வினாத்தாளையே பாடமாக நடத்தியவன் நான்.

பொதுத் தேர்வு என்பது ஒரு மாதிரி எடுப்பு. ஒரு வருடப் பாடத்தில் நூற்றுக்கணக்கான திறன்கள் இருக்கும். இரண்டு மணி நேரத் தாளில் நாற்பது, ஐம்பது கேள்விகள்தான் கேட்க முடியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு அது. அந்த ஒரு சோற்றை மட்டும் தனியாக எடுத்து வேகவைத்துக் கொண்டுபோய்க் காட்டினால், அது வெந்திருப்பதை வைத்துப் பானையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பழைய வினாத்தாள்களை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுக்கும்போது நடப்பது இதுதான். மதிப்பெண் ஏறும், கற்றல் ஏறியிருக்காது. தாளின் அமைப்பு பழக ஓரிரண்டு மாதிரித் தாள் போதும். அதற்கு மேல் செலவழியும் ஒவ்வொரு பீரியடும் பாடத்திலிருந்து பிடுங்கியது.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1862-ல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். அந்த முடிவையும் வருகைப் பதிவையும் பொறுத்துப் பள்ளிக்கு அரசுப் பணம் கிடைக்கும். விளைவு? வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கடகடவென்று 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்திலிருந்தே உலவுகின்றன. இந்த ஏற்பாட்டை முழுதாகக் கைவிட முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. ஒரு எண்ணை வைத்து அதிகமாக முடிவெடுக்க ஆரம்பித்தால் அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த விஷயமும் கெடும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970-களில் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் இருக்கிற யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

அடுத்தது, கற்றல் தரத்தையும் (அந்தந்த வகுப்பில் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வர வேண்டும் என்ற பட்டியல்) தேர்வையும் ஒன்றாகப் பார்ப்பது. தர ஆவணத்தை எடுத்து வினைச்சொற்களை மட்டும் வாசித்துப் பாருங்கள்: விளக்குவார், அளந்து பார்ப்பார், ஒப்பிடுவார், காரணம் காட்டி வாதிடுவார். அப்புறம் வினாத்தாளைப் பாருங்கள். பெரும்பாலும் தேர்ந்தெடு, நிரப்பு, பொருத்து. திருத்துவதற்கு எது எளிதோ அதுதான் தாளில் வந்து உட்காரும். பேச்சு, செய்முறை, எழுதியதைத் திரும்ப எழுதிச் செப்பனிடுவது எல்லாம் தாளில் இல்லை. சில வருடங்களில் டைம்டேபிளிலும் இருக்காது. அமெரிக்காவில் 2002-ல் கையெழுத்தான சட்டம், 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வேண்டும் என்றது. பல பள்ளிகள் அந்த இரண்டுக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டு சமூக அறிவியல், கலை போன்றவற்றில் கைவைத்தன. 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையைத் தொட வேண்டும் என்ற அதன் இலக்கும் நிறைவேறவில்லை. 2015-ல் வேறு சட்டம் வந்தது. திட்டம் போடும்போது முதலில் தரத்தைக் கையில் எடுங்கள், வினாத்தாள் கடைசியில் வரட்டும்.

பார்டரில் நிற்கிற பிள்ளைகளை மட்டும் பிடித்து உருட்டுவது இன்னொன்று. பள்ளியை எடைபோடுவது தேர்ச்சி விழுக்காடு என்றால், பாஸ் மார்க்குக்கு நாலைந்து மதிப்பெண் கீழே இருக்கிறவனுக்குத்தான் ஸ்பெஷல் கிளாஸ். வெகு கீழே இருப்பவன் எப்படியும் தேறமாட்டான், மேலே இருப்பவள் எப்படியும் தேறிவிடுவாள் என்று இருவரையும் விட்டுவிடுகிறோம். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மதிப்பெண்ணை வாசிப்பதிலும் கோளாறு உண்டு. சதமானத்தைச் சதவீதம் என்று நினைத்து வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைகள் ஏராளம். 60-ஆம் சதமானம் என்றால் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மாணவர்களை விட அதிகம் எடுத்தவள் என்று பொருள். நூற்றுக்கு அறுபது என்று இல்லை. அதேபோல் எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை இருக்கும். இன்று 62 எடுத்தவள் அதே கடினத்தில் இன்னொரு தாளில் 66 எடுக்கலாம், 58-ம் எடுக்கலாம். இருபது பேர் வகுப்பில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து 20 மதிப்பெண் குறைந்தால் சராசரி ஒன்று இறங்கிவிடும். அதற்கெல்லாம் மீட்டிங் போட வேண்டாம். பின்னத்தில் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு 'பின்னத்தில் பலவீனம்' என்று முத்திரை குத்துவதும் இந்த ரகம்தான்.

சரி, தேர்வே வேண்டாம் என்று தூக்கிப் போடுவதா? அதுவும் தவறு. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களை விட, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்; கடைசி நேர ரிவிஷன் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். ஆகவே மதிப்பெண் போடாத குட்டித் தேர்வுகளை அடிக்கடி வையுங்கள்.

தவறான விடைகளையும் பாருங்கள். 0.8, 0.75, 0.375 மூன்றில் எது பெரியது என்ற கேள்விக்கு 0.375 என்று வட்டமிட்டவன், புள்ளிக்குப் பின்னால் வருவதை முந்நூற்று எழுபத்தைந்து என்று முழு எண்ணாகப் படிக்கிறான். மதிப்பெண் பட்டியலில் அது வெறும் பூஜ்யம். அவன் குறித்த விடையில்தான் நாளைக்கு எதை நடத்த வேண்டும் என்பது இருக்கிறது. பொதுத் தேர்வு முடிவு நம் கைக்கு வருவதற்குள் அந்தப் பையன் பெரும்பாலும் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பான், அங்கே அவனுக்கு வேறு ஆசிரியர். அதனால் இந்தக் கேள்வியை நான் பாடம் நடக்கிற வாரத்திலேயே, துண்டுச் சீட்டில் கேட்டுவிடுகிறேன். முக்கோணத்தையும் இப்போது மூன்று விதமாகத் திருப்பி வரைகிறேன். போர்ஷன் கொஞ்சம் பின்தங்குகிறது.