சமூகத் தணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு காசிமேட்டுக் கணக்கு

பணம் எங்கே போனது என்று பார்ப்பது நிதித் தணிக்கை. அந்தப் பணத்தால் யார் வாழ்வில் என்ன மாறியது என்று பார்ப்பது சமூகத் தணிக்கை. இதில் நேரும் தவறு எந்த ரசீதிலும் தெரியாது.

சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து வியாசர்பாடி, பெரம்பூர் தெருக்களில் மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டியும் குறைந்த வட்டிக் கடனும் தரும் ஒரு சமூக நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"200 பெட்டி கொடுத்தோம்" என்பது செய்த வேலை. அதைப் பலனாக எழுதக் கூடாது. மிச்ச மீனைச் சாயங்காலம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது நின்றதா என்பதே கேள்வி. ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே போய்ப் பாருங்கள். மூடி உடைந்த பெட்டியில் துணிமணி இருந்தால் அதுவும் அறிக்கையில் வரட்டும்.

அதிகம் ஏமாற்றுவது காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது ஏலத்துக்கு வரும் மீன் குறையும். தொடக்கக் கணக்கை மே மாதத்திலும் முடிவுக் கணக்கை ஆகஸ்டிலும் எடுத்தால், நிறுவனம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் வருமானம் ஏறியிருக்கும். ஆகஸ்டை ஆகஸ்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், திட்டத்தில் சேராத பெண்களிடமும் அதே இரு மாதங்களில் கேளுங்கள். உதாரணத்துக்கு, சேர்ந்தவர்களின் நாள் வருமானம் 300 ரூபாயிலிருந்து 650 ஆகிறது; சேராதவர்களுடையது 300லிருந்து 550. நிறுவனம் உரிமை கோரக்கூடியது அதிகபட்சம் 100 ரூபாய். 350 என்று அச்சடிப்பது பொய்க்கணக்கு.

அந்த 650 ரூபாயும் விற்ற காசாக இருக்கக் கூடாது. ஏல விலை, ஐஸ், ஷேர் ஆட்டோ, கடன் வட்டி எல்லாம் கழிய வேண்டும். வட்டியைக் கேட்பதில் பலர் சறுக்குகிறார்கள். "தண்டலுக்கு எத்தனை சதவீதம்?" என்றால் பதில் வராது, தண்டல் அப்படி ஓடுவதில்லை. 10,000 என்று பேசி, முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். "கைக்கு எவ்வளவு வந்துச்சுக்கா? தினம் எவ்வளவு கட்டுறீங்க? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள், வட்டியை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

யாரைக் கேட்பது என்பதை நிறுவனத்திடம் விடாதீர்கள். அவர்கள் தரும் பட்டியலில் நன்றாக இருப்பவர்கள்தான் இருப்பார்கள். சேர்ந்த எல்லோருடைய பதிவேட்டையும் வாங்கி, சீட்டுக் குலுக்கி எடுங்கள். பாதியில் விலகியவர்களும் அதில் இருக்க வேண்டும். கடன் கொடுத்த ஊழியர் பக்கத்தில் நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விடியுமுன் ஏலத்துக்கு ஓடுபவர்களை அங்கேயே மறிக்காதீர்கள், விற்று முடித்து வீடு திரும்பியபின் பேசுங்கள்.

அவசரமும் வேண்டாம். 1 கோடி ரூபாய்க்குக் குறையாத சிஎஸ்ஆர் (பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு) திட்டங்களுக்கு, பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டிய தாக்க மதிப்பீட்டில்கூட, திட்டம் முடிந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்றே 2021இல் திருத்திய விதி சொல்கிறது.

கடைசியாக, அறிக்கையை நிதி கொடுத்தவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு முடித்துவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 17ஆம் பிரிவில், சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடமே கொடுத்தது. இங்கேயும் கணக்கை அந்தப் பெண்கள் முன்னால் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "அந்த வாரம் புயலு, படகே போகல. நீங்க எப்படி ஏழு நாள் போட்டீங்க?" என்று ஒருவர் கேட்பார். எண்ணைத் திருத்துங்கள்; அவர் சொன்னதையும் அறிக்கையில் சேருங்கள்.