நகர வாக்கும் கிராம வாக்கும் ஒரே எடைதானா? கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி

மொத்த மக்கள்தொகையைத் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 60 லட்சம் பேருக்கு 40 தொகுதிகள் என்றால் சராசரி 1,50,000. பிறகு ஒவ்வொரு தொகுதியும் இதிலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது என்று பாருங்கள். 2,10,000 பேர் உள்ள நகரத் தொகுதி 40% கூடுதல். 90,000 பேர் உள்ள கிராமத் தொகுதி 40% குறைவு. அதாவது ஒரு கிராமவாசியின் வாக்குக்கு நகரவாசியின் வாக்கைப்போல் 2.33 மடங்கு எடை. இது அநியாயம். ஐரோப்பிய மன்றத்தின் அரசியல் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையத்தின் 2002 தேர்தல் நெறிமுறைப்படி விலகல் 10%-க்குள் இருக்க வேண்டும். மக்கள் மிக அரிதாக வாழும் பகுதி போன்ற சிறப்புக் காரணம் இல்லாமல் 15%-ஐத் தாண்டவே கூடாது.

பழைய கணக்கெடுப்பை வைத்துக் கணக்கிடாதீர்கள். மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபின்னும் எல்லைகள் மாறாமல் நிற்பதால்தான் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வு வருகிறது. எண்ணிக்கை சமமாக இருந்தாலும் வரைபடத்தைப் பாருங்கள்: நகரைத் துண்டுபோட்டுச் சுற்றுக் கிராமங்களோடு ஒட்டியிருந்தால் நகரின் குரல் கரைந்துபோகும். பரந்த கிராமத் தொகுதிக்குத் தொலைவு உண்மையான சிரமம்தான். அதற்காக வாக்கின் எடையைக் கூட்டச் சொல்லாமல், கூடுதல் அலுவலகமும் உறுப்பினருக்குப் பயணப்படியும் கேளுங்கள்.